‘கடைசியா ஒரே ஒரு தடவை’ என்று கேட்கும் நண்பர்: கொடுத்த 5 லட்சத்தை எப்படி மீட்பது?

கேள்வி: தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கல்லூரிக் கால நண்பர் ஒருவர் இன்டீரியர் கான்ட்ராக்ட் தொழில் செய்கிறார். அவருக்கு வங்கியில் கடன் கிடைக்கவில்லை என்பதால் 26 மாதங்களுக்கு முன்பு என் பெயரில் 5 லட்சம் ரூபாய் பர்சனல் லோன் எடுத்து, அன்றே அவருடைய கணக்குக்கு அனுப்பினேன். வட்டி 14%, ஐந்து வருடக் கடன். இஎம்ஐ சுமார் 11,630 ரூபாய். முதல் 8 தவணைகளை மாதாமாதம் எனக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு நான்தான் கட்டுகிறேன். பத்திரம் எதுவும் எழுதவில்லை. தேதியும் தொகையும் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒன்று கொடுத்திருக்கிறார். நடுவில் அவசரம் என்று கேட்டபோது சின்னச் சின்னத் தொகைகளும் கொடுத்தேன். இப்போது என் வங்கி, இருக்கும் கடனுக்கு மேல் 2 லட்சம் கூடுதல் கடன் (டாப்-அப்) தருவதாகச் சொல்கிறது. “அதை எடுத்துக் குடு, ஆப்ஷன் டிரேடிங்ல போட்டு மூணு மாசத்துல மொத்தத்தையும் அடைச்சிடறேன்” என்கிறார் நண்பர். மனைவிக்கு எதுவும் தெரியாது. போலீசுக்குப் போகலாமா? கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாமா? நட்பும் கெடாமல் பணமும் திரும்ப வர ஏதாவது வழி இருக்கிறதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நண்பருக்குக் கடன் கொடுத்திருக்கக் கூடாது, எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 18 மாதமாக அடுத்தவர் கடனுக்குத் தவணை கட்டுகிறவருக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கும். என் கவலை வேறு. ‘சின்னச் சின்னத் தொகைகள்’ என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தோடு இணைத்திருக்கும் பட்டியலைப் பார்த்தால் 15,000, 20,000, 8,000, 25,000, 12,000, 30,000 என்று ஆறு தடவை கொடுத்திருக்கிறீர்கள். கூட்டினால் 1,10,000 ரூபாய். இந்த ஆறும் அவர் தவணையை நிறுத்திய பிறகு கொடுத்தவை. அந்த 12,000 ரூபாய்க்கு எதிரே நீங்களே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறீர்கள்: ‘இஎம்ஐ கேட்க போன் செய்த அன்று.’ வசூலிக்கப் போன் செய்தவர், கொடுத்துவிட்டு வைத்திருக்கிறீர்கள்!

5 லட்சம் கொடுத்தது ஒரு முடிவு, அது முடிந்துபோனது. இந்த ஆறு தடவை கொடுத்தது பழக்கம், அது இன்னும் முடியவில்லை. டாப்-அப் என்பது அதே பழக்கத்தின் ஏழாவது தவணை, இந்த முறை 2 லட்சமாக. ‘இதைக் கொடுக்காவிட்டால் பழைய பணமும் வராது’ என்ற பயம்தான் ஒவ்வொரு முறையும் உங்களைக் கொடுக்க வைக்கிறது. ஆறு தடவை கொடுத்தும் பழைய பணத்தில் ஒரு ரூபாய்கூட வரவில்லையே, சார்.

கணக்கைத் தோராயமாகப் பார்ப்போம். 26 தவணை முடிந்த நிலையில் வங்கிக்கு இன்னும் சுமார் 3.25 லட்சம் அசல் பாக்கி இருக்கும். நீங்கள் கைக்காசு போட்டுக் கட்டியது 18 தவணை, அதாவது 2.09 லட்சம். மேலே சொன்ன கைமாத்து 1.10 லட்சம். மூன்றையும் கூட்டினால் 6.44 லட்சம். கடனை இன்றே அடைத்தால் நண்பர் உங்களுக்குத் தர வேண்டிய தொகை இதுதான். அவர் திருப்பித் தந்தது 93,000. 5 லட்சம் கொடுத்தோம், கொஞ்சம் திரும்பி வந்தது, மீதி 4 லட்சம் சொச்சம் என்று உங்கள் மனதில் ஒரு கணக்கு ஓடுகிறது போலிருக்கிறது. அது தப்புக் கணக்கு.

இன்னொன்றும் சொல்கிறேன், கொஞ்சம் வலிக்கும். அந்த 1.10 லட்சத்தை நண்பருக்குக் கொடுக்காமல் வைத்திருந்து இன்று உங்கள் பர்சனல் லோனில் கட்டினால் பாக்கி 2.15 லட்சமாகக் குறையும். அதே இஎம்ஐயில் 34 மாதம் ஓட வேண்டிய கடன் 21 மாதத்தில் முடிந்துவிடும். 13 தவணை மிச்சம், ஒன்றரை லட்ச ரூபாய்.

பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்ற ஆப்ஷன் டிரேடிங் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. இப்போதெல்லாம் கடனில் மாட்டிய ஒவ்வொருவர் கையிலும் இந்த மருந்துச் சீட்டு இருக்கிறது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வணிகம் செய்த தனிநபர்களில் 93% பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். அதில் மிச்சமிருக்கும் 7 பேரில் ஒருவராக உங்கள் நண்பர் இருப்பார் என்று நம்பி, அதுவும் கடன் பணத்தைக் கொடுப்பீர்களா? டாப்-அப் வேண்டாம். வங்கி ‘ப்ரீ-அப்ரூவ்டு’ என்று அனுப்பும் செய்தி உங்களுக்குக் கிடைத்த பரிசு அல்ல. நீங்கள் ஒழுங்காகக் கட்டுகிறீர்கள் என்பதால் இன்னும் கொஞ்சம் விற்கப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, பணத்தை மீட்பதற்கு வருவோம். இங்கே உங்களுக்குத் தெரியாத ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, கொடுத்த கடனைக் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுகள்தான் அவகாசம். திருப்பித் தரும் தேதி எழுதப்படாத கைக்கடனுக்குக் கொடுத்த நாளிலிருந்தே அந்த அவகாசம் ஓடத் தொடங்கிவிடும். உங்களுக்கு 26 மாதம் போய்விட்டது, மீதி 10 மாதம். மாதத் தவணையாகத் தருவதாகத்தான் பேச்சு, அதனால் கெடு வேறு மாதிரி கணக்காகும் என்று ஒரு வக்கீல் வாதாடலாம். ஆனால் அந்த வாதத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். கைமாத்துகளுக்கும் தனித்தனியாகத் தேதி ஓடுகிறது.

இந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைக்க வழி உண்டு. கெடு முடிவதற்குள் ‘இவ்வளவு தர வேண்டியிருக்கிறது’ என்று கடன் வாங்கியவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் கிடைக்கும். கெடு முடிந்த பிறகு வாங்கும் வெறும் ஒப்புதலுக்கு இந்தப் பலம் கிடையாது. அப்போது ‘தருகிறேன்’ என்று அவர் புதிதாக வாக்குறுதியே எழுதித் தர வேண்டியிருக்கும். இன்றைக்கே தராதவர் அதை எழுதுவாரா?

ஆகவே முதல் வேலை, போனில் பேசுவதை நிறுத்துங்கள். நேரில் போய் உட்காருங்கள், கையில் ஒரு தாளோடு. இப்படி எழுதினால் போதும்: “இன்ன தேதியில் இன்னாரிடம் வங்கி மூலம் 5,00,000 ரூபாய் கடனாகப் பெற்றேன். அவர் அதற்காக எடுத்த வங்கிக் கடனின் வட்டியையும் நானே ஏற்பதாகச் சம்மதித்தேன். 8 தவணை செலுத்தினேன். பிறகு அவர் செலுத்திய 18 தவணைகளும், இன்னின்ன தேதிகளில் நான் பெற்ற 1,10,000 ரூபாயும் பாக்கி. வங்கியில் மீதமுள்ள தவணைகளும் என் பொறுப்பு. இவற்றைக் கீழ்க்கண்டபடி திருப்பித் தருகிறேன்.” கீழே அட்டவணை, தேதி, கையெழுத்து, இரண்டு சாட்சிகள். கையெழுத்து வாங்கும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். வாசகத்தில் ஒரு வார்த்தை மாறினால் அர்த்தம் மாறிவிடும்.

‘எழுதிக் கேட்டால் தப்பாக நினைப்பானோ’ என்று தயங்குவீர்கள். உங்கள் சம்பளத்திலிருந்து மாதம் 11,630 ரூபாய் போவதை அவர் 18 மாதமாகத் தப்பாக நினைக்கவில்லை. தர நினைக்கிறவர் கையெழுத்துப் போடுவார். போட மறுத்தால் அதுவே உங்களுக்கு வேண்டிய தகவல், அடுத்து வக்கீல் நோட்டீஸ்தான். நட்பைப் பற்றி உங்களுக்கு நான் எந்த உத்தரவாதமும் தர முடியாது. ஆனால் இப்போது ஒருவர் போனைக் கண்டு இன்னொருவர் ஒளிந்துகொண்டிருக்கிறீர்கள். அதைக் காப்பாற்றி என்ன செய்வது?

அட்டவணை போடும்போது பேராசை வேண்டாம். நடப்பு இஎம்ஐ 11,630, பழைய பாக்கி 3.19 லட்சத்துக்கு (2.09 + 1.10) மாதம் 10,000 என்று வைத்தால் 32 மாதத்தில் முடியும். ஆனால் 8 மாதத்துக்கு மேல் 11,630-ஐயே கட்ட முடியாதவர் 21,630 எப்படித் தருவார்? அவரால் நிஜமாகவே எவ்வளவு முடியும் என்று கேளுங்கள். வராத 21,000-ஐ விட வருகிற 8,000 மேல். ஒருவேளை வண்டியையோ வேறு எதையோ விற்று, ‘வட்டியை விட்டுடு, மொத்தமா 5 லட்சம் தர்றேன்’ என்று முன்வந்தால் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றே 3.25 லட்சத்தைக் கட்டி லோனை முடியுங்கள். முன்கூட்டி அடைக்கக் கட்டணம் உண்டா என்று இப்போதே வங்கியில் கேட்டு வையுங்கள்.

பணம் எப்படி வந்தாலும் வங்கி வழியாகவே வரட்டும். வருமான வரிச் சட்டப்படி 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கவும் கூடாது, திருப்பவும் கூடாது. அபராதம் கடன் வாங்கியவர் தலையில்தான் விழும், அதுவும் அந்தத் தொகை அளவுக்கே. அவர் நல்லதுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்து அந்த செக். அதைப் பீரோவில் பிரம்மாஸ்திரம் மாதிரி வைத்திருக்கிறீர்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது. அவசரப்பட்டு 5 லட்சம் என்று நிரப்பி வங்கியில் போட்டுவிடாதீர்கள். செக் கொடுத்த பிறகு கடனில் ஒரு பகுதி திரும்பி வந்திருந்தால், அதைக் கழிக்காமல் முழுத் தொகைக்குப் போட்ட செக் திரும்பினாலும் செக் திரும்பும் குற்றத்துக்கான 138-ம் பிரிவில் (மாற்றுமுறை ஆவணச் சட்டம்) வழக்கு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்திருக்கிறது. அவர் 93,000 கட்டியிருக்கிறார். அதனால் பழைய செக்கைத் தொடாதீர்கள். அட்டவணையில் கையெழுத்தாகும் அன்றே ஒவ்வொரு தவணைக்கும் தேதி, தொகை நிரப்பிய புது செக்குகளை ஆறேழு மாதத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள். செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதை வங்கியில் போட வேண்டும். பணமில்லாமல் திரும்பினால், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ். அது அவர் கைக்குக் கிடைத்து 15 நாளில் பணம் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். இந்தத் தேதிகளை வக்கீல் குமாஸ்தா பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல் நீங்களும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

போலீசுக்குப் போவதில் பெரிய பலன் இருக்காது. மோசடி என்று சொல்ல, வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். 8 தவணை ஒழுங்காகக் கட்டியவர் விஷயத்தில் அது கடினம். ‘சிவில் மேட்டர்’ என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம். வாட்ஸ்அப் குழுவில் போடுவது அதைவிட மோசம். பணம் வராது, அவதூறு வழக்கு வேண்டுமானால் வரும். அந்த வாட்ஸ்அப்பால் வேறு உபயோகம் இருக்கிறது. ‘அடுத்த மாசம் கண்டிப்பா தர்றேன்டா’ என்று அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காமல், போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். வங்கி ஸ்டேட்மென்ட்டோடு சேர்த்து அவை சாட்சியாக உதவும்.

பேச்சு முறிந்தால் நேராகக் கோர்ட்டுக்குப் போகும் முன் ஒரு படி இருக்கிறது. உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால், வழக்குப் போடாமலே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். கோர்ட் கட்டணம் இல்லை. அங்கே சமரசம் ஆனால் அது சிவில் கோர்ட்டின் தீர்ப்பாணைக்கு (டிக்ரி) சமம், அதன் மேல் அப்பீலும் கிடையாது. நண்பர்கள் விவகாரத்துக்கு இது நல்ல இடம். ஆனால் இரண்டு பேரும் சம்மதித்தால்தான் முடிவாகும். அவர் வராமல் இழுத்தடித்தால் அந்த 10 மாதக் கெடு உங்களுக்காக நிற்காது. ஆறாவது மாதத்துக்குள் எதுவும் கையெழுத்தாகவில்லை என்றால் சிவில் வழக்குக்கு வக்கீலைப் பிடித்துவிடுங்கள். எழுத்து மூலமான ஒப்புதலும் அட்டவணையும் கையில் இருந்தால், நீண்ட விசாரணை இல்லாமல் சீக்கிரம் முடியும் சுருக்க முறையில் வழக்குப் போட முடியுமா என்று அவரிடம் கேளுங்கள்.

இதெல்லாம் நடக்கும்வரை உங்கள் குடும்ப பட்ஜெட்டில் இந்தப் பணம் ‘வராது’ என்றே எழுதி வையுங்கள். நண்பர் தரவில்லை என்று நீங்கள் இஎம்ஐயை நிறுத்தினால் கெடுவது உங்கள் சிபில் ஸ்கோர்தான். வங்கிக்கு உங்கள் நண்பரைத் தெரியாது. மனைவியிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். இரண்டு வருடமாகச் சம்பளத்தில் இவ்வளவு குறைவது அவருக்கு ஏற்கெனவே உறுத்தியிருக்கும். நீங்கள் சொல்லாததால் அவர் வேறு எதையாவது சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கலாம். தவிர, அடுத்த முறை ‘கடைசியா ஒரு தடவை’ என்று போன் வரும்போது, ‘வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்’ என்று நீங்கள் உண்மையாகவே சொல்லலாம்.

அப்புறம் அந்தக் கடைசி 30,000. அதை கிரெடிட் கார்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, ‘மினிமம் டியூ’ (கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டி வருவதாகப் பட்டியலின் அடியில் பென்சிலில் எழுதியிருக்கிறீர்கள். கார்டு வட்டி மாதத்துக்கு 3.5% அளவில் இருக்கும். மாதம் 1,050 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி வேறு. உங்கள் கடன்களிலேயே அதிக வட்டி இதற்குத்தான். நண்பரிடமிருந்து வரும் முதல் பணம் எதுவானாலும், அதற்கு முன்பே உங்கள் சேமிப்பில் இருந்து எடுக்க முடிந்தாலும், இந்தக் கார்டை முதலில் அடையுங்கள். பர்சனல் லோனில் கூடுதலாகக் கட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.