நான்கு பாத்திக் கீரை

அன்புள்ள ஐயா,

திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 60 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். போன ஜூனில் பள்ளிக்குப் பின்னால் மூன்று சென்ட் இடத்தில் தக்காளி, கத்தரி, வெண்டை, பூசணி எல்லாம் போட்டோம். முதல் மாதம் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு ஆர்வம் குறைந்தது. தாமதமாக வருகிறவர்களை ஊற்றச் சொன்னோம். காலாண்டு விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் பாதி காய்ந்திருந்தது, மீதியை ஆடு மேய்ந்துவிட்டது. இந்த ஆண்டு வேண்டாம் என்கிறார் தலைமையாசிரியர். விட்டுவிடலாமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

விடாதீர்கள். உங்கள் மண்ணிலோ பிள்ளைகளிலோ குறை இல்லை, இடம்தான் பெரிதாகிவிட்டது. நம் வெயிலுக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். மூன்று சென்ட் என்றால் 120 சதுர மீட்டர். தினமும் 600 லிட்டர், அதாவது 40 குடம். ஒன்பது வயதுப் பிள்ளைகள் எத்தனை நாள் சுமப்பார்கள்?

இந்த முறை நான்கே பாத்தி போடுங்கள். ஒவ்வொன்றும் 10 அடி நீளம், 3 அடி அகலம். அகலம் அதற்கு மேல் போனால் பிள்ளைகளுக்கு நடுப்பாத்தி எட்டாது, உள்ளே மிதித்து மண்ணை இறுக்கிவிடுவார்கள். ஒரு பாத்திக்கு நாளுக்கு 15 லிட்டர், நான்குக்கும் 60 லிட்டர். 60 பிள்ளைகளை ஐந்து நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 12 பேர், ஆளுக்கு 5 லிட்டர். வாரத்தில் ஒரே ஒரு முறைதான் ஒருவருக்கு முறை வரும். ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்குப் பாதி போதும், பெரிய பிள்ளைகள் ஈடுகட்டிவிடுவார்கள். வெள்ளி மாலை கொஞ்சம் கூடுதலாக ஊற்றி, வரிசைகளுக்கு நடுவே காய்ந்த சருகு பரப்பினால் சனி, ஞாயிறைத் தாங்கும்.

தண்டனையாகத் தண்ணீர் ஊற்ற வைப்பதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். தண்டனையாக்கிய வேலையை எந்தப் பிள்ளையும் விரும்பாது. வருகைப் பதிவேட்டின் வரிசைப்படியே எல்லா வேலையும் போகட்டும். எரு அள்ளுவது யார் வீட்டுப் பிள்ளை, பூவாளி பிடிப்பது யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்விக்கே இடம் கொடுக்கக் கூடாது. நம் ஊர்களில் அது எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் ஆண்டு முளைக்கீரை மட்டும் போதும். 25 நாளில் வேரோடு பிடுங்கிவிடலாம். நன்றாக வந்தால் ஒரு பாத்தியில் 3 கிலோ கிடைக்கும். மத்திய அரசின் பள்ளி மதிய உணவுத் திட்டமான பி.எம். போஷன் அளவுப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளுக்கு 50 கிராம் காய்கறி. 60 பேருக்கு அதே 3 கிலோதான். வாரத்துக்கு ஒரு பாத்தியாக விதைத்து வந்தால் ஐந்தாவது வாரத்திலிருந்து வாரம் ஒரு நாள் பிள்ளைகள் தட்டில் அவர்கள் வளர்த்த கீரை இருக்கும். தொடங்கும் முன்பே சத்துணவு அமைப்பாளரிடமும் சமையலரிடமும் பேசிவிடுங்கள். 3 கிலோ கீரையை ஆய்ந்து, மூன்று தண்ணீரில் மண் போக அலசுவது அவர்களுக்குக் கூடுதல் வேலை. சொல்லாமல் கொண்டுபோய் நீட்டினால் முகம் சுளிப்பது நியாயம்தான்.

பெரும்பாலும் விதைக்கும்போதுதான் தவறு நடக்கிறது. மண்ணை முக்கால் அடி கொத்தி, பாத்திக்கு 10 கிலோ மட்கிய தொழுவுரம் கலந்து மட்டம் பண்ணுங்கள். எருவைக் கையில் எடுத்தால் சாண வாடை அடிக்கக் கூடாது. பச்சைச் சாணம் வேரைக் கருக்கும், கரையானையும் கூட்டிவரும். விதை கால் டீஸ்பூன் போதும். கடுகைவிடச் சிறிது என்பதால் இரண்டு கைப்பிடி உலர்ந்த மணலில் கலந்து தூவ வேண்டும். மணல் விழுந்த இடம் கண்ணுக்குத் தெரியும், பிள்ளைகள் ஒரே இடத்தில் கொட்ட மாட்டார்கள். மேலே மண் மூட வேண்டாம், உள்ளங்கையால் லேசாகத் தட்டினால் போதும். குடத்திலிருந்து நேரே ஊற்றினால் விதையெல்லாம் ஓரத்துக்கு அடித்துப் போய்விடும். பூவாளி இல்லையென்றால் பழைய பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஆணியால் துளை போட்டுக்கொள்ளுங்கள். எறும்பு விதையை இழுத்துப் போகும், பாத்தியைச் சுற்றி நொய் தூவினால் அதை எடுத்துக்கொண்டு போய்விடும். ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். மூன்றாம் நாள் முளை தெரிந்ததும் சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளை வெளுத்து நெட்டையாகிச் சாய்ந்துவிடும்.

பத்தாம் நாள் நெருக்கத்தைக் கலைத்து விடுங்கள், கலைத்ததையும் சமைக்கலாம். மழைக்காலத்தில் இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளம் வந்தால் அது வெண்துரு. நெருக்கமும் இரவெல்லாம் இலையில் நிற்கும் ஈரமும்தான் காரணம். அந்தச் செடிகளைப் பிடுங்கிவிட்டு, காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கள். புழுவைக் கையால் பொறுக்கினால் போதும், சில நாளில் பிள்ளைகள் சாப்பிடப்போகும் கீரைக்கு மருந்தே வேண்டாம். பார்த்தீனியச் செடியைப் பிள்ளைகள் வெறுங்கையால் பிடுங்க விடாதீர்கள், அரிப்பு வரும்.

இனி விடுமுறை. ஒவ்வொரு விடுமுறைக்கும் 25 நாள் முன்பே விதைப்பதை நிறுத்தி, விடுமுறை தொடங்கும்போது பாத்தி காலியாக இருக்கும்படி திட்டமிடுங்கள். செடியே இல்லாத பாத்தி காயவும் காயாது, ஆட்டையும் இழுக்காது. வேலிக்கு ஆடாதோடைப் போத்துகளை ஐப்பசி மழையில் ஓர் அடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். ஆடு தொடாத இலை என்பது பேரிலேயே இருக்கிறது. சமையலறைக் கழுநீர் போகும் இடத்தில் ஒரு முருங்கை வைக்கலாம். பக்கத்துப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 ரகம் நல்லது. மூன்றடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கை எட்டும் உயரத்தில் கிளைக்கும். வகுப்பறை ஜன்னலுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அப்பும்.

தலைமையாசிரியரிடம், பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கென்று மத்திய அரசு 2019இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளைக் காட்டுங்கள். பெரிய நிலம் வேண்டும் என்று அதிலும் சொல்லவில்லை.

ஜனவரியில் விதைக்கும் பாத்தியில் ஐந்தாறு நல்ல செடிகளைப் பிடுங்காமல் விடுங்கள். ஏப்ரலில் கதிர் பழுத்துவிடும். தாளில் உதறிப் புடைத்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து மூடியுள்ள பாட்டிலில் போட்டு ஐந்தாம் வகுப்பு அலமாரியில் வையுங்கள். ஜூனில் அந்த வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அதை எடுத்து விதைக்கட்டும்.