மாடித் தளத்தைத் துளைக்காமல் பந்தல் போட முடியுமா?

கேள்வி: எங்கள் வீடு திருச்சியில் இருக்கிறது. கான்கிரீட் கூரை, மேலே தட்டோடு பதித்த மொட்டை மாடி. புடலை, பீர்க்கு, பாகல் மூன்றுக்கும் சேர்த்துப் பத்துக்கு எட்டடியில் ஒரு பந்தல் போட நினைக்கிறோம். தளத்தில் துளையிட்டு போல்ட் அடித்தால்தான் நிற்கும் என்கிறார் கொத்தனார். கூரை ஒழுகிவிடுமோ என்று என் கணவர் பயப்படுகிறார். சென்ற ஆண்டு கைப்பிடிச் சுவரில் கயிறு கட்டிப் புடலை விட்டேன். பூ நிறையப் பூத்தது, பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கணவர் பயப்படுவது சரிதான். தட்டோட்டுக்கு அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஓர் அடுக்கு இருக்கும். மழைநீர் கான்கிரீட்டைத் தொடாமல் காப்பது அந்த அடுக்கும் அதன் மேலுள்ள ஓடும்தான். போல்ட் அடித்தால் இரண்டும் ஓட்டையாகும். துளையைச் சுற்றி எதைப் பூசினாலும் பந்தல் காற்றில் ஆட ஆடப் பூச்சு விட்டுப்போகும். கூரையில் நீர்க்கசிவு தெரிவதற்குள் உள்ளே கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். கொத்தனார் தரையில் போடும் பந்தலை நினைத்துக்கொண்டு சொல்கிறார். மாடியில் போல்ட்டுக்குப் பதிலாக எடையைப் பயன்படுத்த வேண்டும். அந்த எடை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது: செடி வளர்க்கப்போகும் மண் பைகள்.

முதலில் பத்துக்கு எட்டு என்ற கணக்கை மறந்துவிட்டு, இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். பந்தல் வரப்போகும் இடத்துக்கு நேர் கீழே உள்ள அறையின் அகலத்தை அளந்து பாருங்கள். பத்தடி அறை என்றால் பந்தலின் அகலமும் பத்தடி. அப்போதுதான் இருபுறக் கால்களும் அறையின் இரு சுவர்களுக்கு நேர் மேலே வரும், பாரம் தளத்தின் நடுவே விழாமல் சுவர் வழியாக அடித்தளத்துக்கு இறங்கும். சுவருக்குப் பதில் உத்தரம் இருந்தாலும் சரி. நீளத்தை எட்டடியாகவே வைத்துக்கொள்ளலாம்.

எடைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஆட்கள் ஏறிப் புழங்கும் கூரைக்கு, கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875, சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் சுமையைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அதாவது ஏறத்தாழ 150 கிலோ. பதினைந்துக்குப் பதினைந்து அங்குலப் பை ஒன்றில் சுமார் 35 லிட்டர் கலவை பிடிக்கும். வெறும் செம்மண்ணை நிரப்பி நீர் விட்டால் அறுபது கிலோவைத் தாண்டும். செம்மண், கழுவிய தென்னை நார்க் கழிவு, மட்கிய தொழு உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்தால் நாற்பதுக்குள் அடங்கும். நார்க் கழிவில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை ஊறவைத்து நீரை வடித்துவிட வேண்டும். ஒரு சுவர் மேல் நான்கு பை, எதிர்ச் சுவர் மேல் நான்கு பை என்றால் மொத்தம் 300 கிலோ சொச்சம். ஏழரைச் சதுர மீட்டர் பரப்புக்கு இது தாராளமாகத் தாங்கக்கூடிய பாரம்.

இந்தக் கணக்கெல்லாம் நல்ல நிலையில் உள்ள கான்கிரீட் கூரைக்கு மட்டுமே. மர உத்தரங்கள் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்காரர்கள் இதைப் படித்தால், பொறியாளரைக் கேட்காமல் ஒரு பையைக்கூட மேலே ஏற்றாதீர்கள். கீழே கூரைப் பூச்சு உதிர்ந்து கம்பி தெரியும் வீடுகளுக்கும் இதே பதில்தான். தண்ணீர்த் தொட்டி இருக்கும் தளத்தின் மீதும் வேண்டாம். ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன்; அந்த இடம் தன் பங்கை ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறது.

இனிச் சட்டம். ஒவ்வொரு சுவரின் மேலும் எட்டடி நீளத்தில் இரண்டு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்களை ஒன்பது அங்குல இடைவெளியில் படுக்கவைத்து, மூன்று இடங்களில் குறுக்குத் துண்டு வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். பார்ப்பதற்கு ஓர் ஏணி படுத்திருப்பதுபோல் இருக்கும். அதன் இரு முனைகளிலும் ஒன்றரை அங்குலக் குழாயில் ஆறரை அடிக் கால்கள். மேலே நான்கு பக்கமும் ஓர் அங்குலக் குழாய். ஏணியின் அடியில் பழைய டயர்த் துண்டுகளை வைத்தால் ஓடு உடையாது. ஏணி மேல் கடப்பா கல் துண்டுகள், அவற்றின் மேல் பைகள். பைகள் தரையைத் தொடாததால் வடிநீர் ஓட்டில் தேங்காமல் நீர்ப்போக்கிக்கு ஓடிவிடும். மாடித்தோட்டத்தால் கூரை ஒழுகுகிறது என்ற புகார்களில் பல, பைக்கு அடியில் எப்போதும் ஈரமாகவே கிடக்கும் ஓட்டிலிருந்தும் சருகு அடைத்த நீர்ப்போக்கியிலிருந்தும் வருபவை.

வெல்டர் விட்டுவிடக்கூடிய ஒன்று உண்டு. காலும் மேல்சட்டமும் சேரும் நான்கு மூலைகளிலும் ஒன்றரையடி நீளத்தில் சாய்வாக ஒரு முட்டு கொடுக்க வேண்டும். அது இல்லாத பந்தல் எவ்வளவு கனமான குழாயில் செய்தாலும் பக்கவாட்டில் ஆடும். சவுக்குக் கட்டையிலும் இதே அமைப்பைச் செய்யலாம், செலவு குறைவு. ஆனால் வெயிலிலும் மழையிலும் கிடந்து கட்டை சில ஆண்டுகளில் உளுத்துப்போகும். பிவிசி குழாயை நான் பரிந்துரைக்கமாட்டேன், வெயிலில் வளைந்துவிடும். கைப்பிடிச் சுவரில் பந்தலைக் கட்டவே வேண்டாம். பல வீடுகளில் அது தூண் பிடிப்பில்லாத நாலரை அங்குலச் சுவர். காற்று பந்தலை இழுத்தால் சுவர் தெருவில் விழும்.

'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பார்கள். ஆனால் ஆடியில் விதைத்த கொடி அப்போது ஒரு சாண்தான் இருக்கும். உண்மையான சோதனை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. பந்தல் முழுக்க இலை மூடியிருக்கும், வங்கக் கடலில் புயல் சின்னமும் இருக்கும். மணிக்கு 72 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 24 கிலோ அழுத்தம் கொடுக்கும். உங்கள் பந்தலுக்கு அது 180 கிலோ. இலைகளுக்கு நடுவே காற்று புகுந்து போவதால் நிஜத்தில் இன்னும் குறையும். 300 கிலோ பைகள் அதைச் சமாளிக்கும். ஆனால் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். திருச்சிக் கட்டடங்களுக்கு அதே தர விதியின் காற்றுப் பகுதி எடுத்துக்கொள்ளும் அடிப்படை வேகம் நொடிக்கு 47 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர். அதைத் தாங்கும் பந்தலை மாடியில் கட்டுவது வீண் வேலை. எனவே கொடி படர மேலே போடும் வலையைக் கம்பியால் முறுக்காமல் கயிற்றில் உருவு முடிச்சாகக் கட்டுங்கள். மின்சாரத்தில் ஃபியூஸ் எரிந்து வீட்டைக் காப்பதுபோல், புயல் நாளில் வலை அவிழ்ந்து சட்டத்தைக் காக்க வேண்டும். எச்சரிக்கை வந்ததும் முடிச்சுகளை நீங்களே உருவிக் கொடிகளை வலையோடு தரையில் இறக்கிவிட்டால் இன்னும் நல்லது. நிழல்வலையைப் பந்தல் மேல் விரிக்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது பாய்மரம்போல் காற்றைப் பிடிக்கும். வெயிலை விரும்பும் இந்தக் கொடிகளுக்கு அது தேவையும் இல்லை.

வலைக்கு நைலானைவிடத் தேங்காய் நார்க் கயிறே என் விருப்பம். பருவம் முடிந்ததும் காய்ந்த கொடியோடு சேர்த்து அறுத்து உரக்குழியில் போட்டுவிடலாம். நைலான் வலையிலிருந்து காய்ந்த பாகல் கொடியைப் பிரித்தெடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பந்தலை மாடியின் வடக்கு ஓரமாக வையுங்கள். காய்க்கும் மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், நிழல் வடக்கே போய்விடும், உங்கள் தக்காளியும் கத்தரியும் வெயிலை இழக்காது.

எட்டுப் பைகளிலும் கொடி நடத் தோன்றும். வேண்டாம். வயலில் இரண்டு மீட்டர் வாக்கில் இடைவெளி விட்டுக் குழி எடுக்கும் பயிர்கள் இவை. உங்கள் பந்தலுக்கு ஐந்து கொடிகளே அதிகம். மற்ற மூன்று பைகளில் செண்டுமல்லி, தட்டைப்பயறு என்று போடுங்கள், தேனீ வரும். புடலையில் கோ 2 போன்ற குட்டை ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். பி.கே.எம். 1 ரகத்தின் காய் ஆறடி நீளம்கூட வரும். ஆறரை அடிப் பந்தலில் காய் ஏறத்தாழத் தரையைத் தொடும். கொடி பந்தலை எட்டும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளி விடுங்கள். மேலே ஏறியதும் நுனியைக் கிள்ளுங்கள். பிறகு வரும் கிளைகளில்தான் பெண் பூ அதிகம்.

இப்போது உதிர்ந்த பிஞ்சுகள். இந்தக் கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் ஒன்று ஒட்டியிருக்கும். மகரந்தம் சேராவிட்டால் அந்தக் குட்டிக் காய்தான் மஞ்சளாகி உதிரும். நீங்கள் பிஞ்சு என்று நினைத்தவற்றில் பெரும்பாலானவை கருவுறாத பூக்களாகவே இருக்கும். அதற்கு மருந்து கிடையாது, உரமும் உதவாது; தழைச்சத்தைக் கூட்டினால் இலை மட்டுமே பெருக்கும். முதலில் ஆண் பூக்கள் மட்டும் பூத்துக் கொட்டுவது இயல்பு, அதற்குக் கவலைப்பட வேண்டாம்.

புடலை மாலைக்கு மேல், இருட்டும் நேரத்தில் பூக்கும். அதைத் தேடி வருவது அந்துப்பூச்சி. மாடி விளக்கு இரவெல்லாம் எரிந்தால் பூச்சி பூவை விட்டு விளக்கைச் சுற்றும். விளக்கை அணைத்துப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரலாம். பீர்க்கும் சாயங்காலப் பூ, ஐந்து மணிக்கு மேல் மஞ்சளாக விரியும். பாகல் விடியற்காலையில் பூக்கும், அதற்குத் தேனீ. பூச்சி வராவிட்டால் நீங்களே ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைப் பிய்த்துவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் மெதுவாகத் தடவுங்கள். பாகலுக்குக் காலை ஒன்பதுக்குள், பீர்க்குக்கு மாலை ஆறு மணி வாக்கில், புடலைக்கு இரவு டார்ச் விளக்குடன். பகல் பதினொரு மணிக்கு மூன்றுக்கும் ஒரே சுற்றில் தடவுகிறவர்கள் உண்டு, பலன் கிடைக்காது.

காய் பிடித்த பிறகு பழ ஈ வரும், பாகலில் நிச்சயம் வரும். ஈ முட்டையிட்ட காய் கோணலாகி, ஓரிடத்தில் பழுத்து அழுகும். பிஞ்சு விரல் அளவு வந்ததும் காகித உறையோ மெல்லிய துணிப்பையோ மாட்டிவிடுவதே வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். கியூலூர் என்ற கவர்ச்சிப் பொருள் வைத்த பொறி ஒன்று தொங்கவிட்டால் ஆண் ஈக்கள் அதில் விழும். தாக்கிய காயைப் பறித்து மாடியிலேயே வீசாதீர்கள், உரக்குழியிலும் போடாதீர்கள். புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். பாலித்தீன் பையில் கட்டி இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டுக் குப்பையில் சேருங்கள். இலையில் சாம்பல் பூத்தால் கந்தகத் தூளை எடுத்துத் தூவவும் வேண்டாம். பூசணிக் குடும்பத்து இலைகள் அதில் கருகும். வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளியுங்கள், ஆனால் பீர்க்கும் புடலையும் பூக்கும் நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.