ஃபிரான்டெனாக் திராட்சையில் செய்த இனிப்புச் சிவப்பு ஒயினை எந்த உணவுடன் பரிமாறலாம்?

பரிசாக வந்த, போர்ட் என்ற சாராயம் சேர்த்த போர்ச்சுகீசிய இனிப்பு ஒயினின் பாணியில் செய்த ஃபிரான்டெனாக் ஒயினை விருந்தின் முடிவில் எதனுடன் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஓர் உணவைத்தான் சொல்ல வேண்டுமென்றால், நீலப் பூஞ்சை படர முதிரவைத்த ப்ளூ சீஸ் என்பேன். அதற்கான காரணம் இந்தத் திராட்சையின் பிறப்பிலேயே இருக்கிறது.

லாண்டோ 4511 என்ற பிரெஞ்சுக் கலப்பினத்தையும், வட அமெரிக்க ஆற்றங்கரைகளில் தானாகப் படரும் ரிப்பாரியா என்ற காட்டுத் திராட்சையையும் இணைத்து அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகம் 1978-இல் உருவாக்கிய இந்த வகை, 1996-இல் விவசாயிகளின் கைக்கு வந்தது. மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போகும் குளிரைத் தாங்கும் வலிமையைக் காட்டுத் திராட்சை இதற்குத் தந்தது. பழம் நன்றாகப் பழுத்துச் சர்க்கரை ஏறிய பிறகும் விட்டுப்போகாத கடும் புளிப்பும் அந்த வழியில் வந்ததுதான். சர்க்கரை முழுவதும் நொதித்துவிட்டால், துவர்ப்பு குறைவான இந்த ஒயினில் புளிப்பு மட்டுமே நாக்கில் துருத்திக்கொண்டு நிற்கும். போர்ட் பாணியில் செய்பவர்களோ, நொதித்தல் பாதியில் இருக்கும்போதே திராட்சையிலிருந்து வடித்த சாராயத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். ஆல்கஹால் 18 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்ததும் ஈஸ்ட் செயலிழந்து, மிஞ்சிய சர்க்கரை ஒயினிலேயே தங்கிவிடுகிறது. முன்பு உறுத்திய அதே புளிப்புதான் இப்போது இனிப்பு திகட்டாமல் காக்கிறது. ஃபிரான்டெனாக்கிற்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இனி உணவுக்கு வருகிறேன். மின்னசோட்டாவின் ஃபாரிபோ நகரில், மணற்பாறையில் குடைந்த குகைகளில் 1936-இலேயே ப்ளூ சீஸை முதிர வைக்கத் தொடங்கிவிட்டார்கள்; ஒரே மண்ணின் இரண்டு பொருள்கள் என்பதால் முதன்முறை அந்த ஊர்ச் சீஸைத்தான் வாங்கினேன். சிறு துண்டை வாயிலிட்டு, அதன் உப்பும் நெய்ப்பதமும் நாக்கில் பரவியதும் ஒரு மிடறு ஒயினைச் சேர்த்தபோது, புளிப்பு அந்தக் கொழுப்பை அறுத்துக்கொண்டு போக, உப்பினால் இனிப்பு இன்னும் தூக்கலாகி, கடைசியில் கருஞ்செர்ரியின் மணம் மட்டும் நெடுநேரம் நின்றது. பக்கத்தில் லேசாக வறுத்த வால்நட் இருந்தால் ஒயினில் இல்லாத துவர்ப்பை அது ஈடுகட்டும்.

சாக்லேட்தான் வேண்டுமென்றால் 70 விழுக்காட்டிற்கு மேல் கோகோ உள்ள டார்க் சாக்லேட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை, சர்க்கரைப் பூச்சு தடித்த மில்க் சாக்லேட் கேக்குடன் இதைப் பரிமாறி, நல்ல ஒயின் ஒன்றை நானே வீணாக்கினேன். கேக்கின் இனிப்பு ஒயினின் இனிப்பை விழுங்கிவிட, விருந்தினர்களுக்கு எஞ்சியது வெறும் புளிப்பும் சாராயக் காரமும்தான். ஒயினைவிட இனிப்பு குறைந்த பலகாரமாக இருக்க வேண்டும் என்பதை அன்றிலிருந்து தவறாமல் கடைப்பிடிக்கிறேன். புளிப்புச் செர்ரியை மாவுக்குள் வைத்துச் சுட்ட பை (pie), சர்க்கரையைக் குறைத்துச் செய்திருந்தால், நன்றாகவே சேரும்.

பரிமாறுவதற்குச் சற்று முன்பு குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து, 15 டிகிரி அளவில், சிறிய கோப்பையில் 60 மில்லிலிட்டர் ஊற்றினால் ஒருவருக்குப் போதும். மீதியை இறுக மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று வாரங்கள் சுவை மாறாமல் இருக்கும். வெள்ளைத் துணி விரித்த மேசையாக இருந்தால் ஊற்றும்போது கவனம் தேவை. இதன் கருஞ்சிவப்புக் கறை எளிதில் போகாது.