பின்னால் நிற்பதும் விடுபடுவதும்

கேள்வி: சோமனூர் அருகே எங்களுக்குச் சொந்தமாகச் சில விசைத்தறிகள் உள்ளன. ஊடைக்குத் தார் சுற்றுவதும் (குறுக்கு நூலைச் சிறு குழல்களில் சுற்றுவது), கணவர் பாவு (நெடுக்கு நூல்) வாங்கப் போகும்போது தறி ஓட்டுவதும் நான்தான். யாராவது விசாரித்தால், "அது ஊட்டுல சும்மாதான் இருக்குதுங்க" என்கிறார். மனம் வலிக்கிறது. ஆனால், தம்பி கல்யாணத்தில், மாப்பிள்ளையின் சகோதரி செய்யும் இணைச்சீர்ச் சடங்குக்கு முன்னால் நிற்கவே எனக்குக் கூசியது. "ஒளிந்துகொள்கிறவளுக்கு எதற்கு இந்தக் குறை?" என்கிறார் நாத்தனார். தவறு என்னிடமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, தவறு உங்களிடம் இல்லை. பலருடைய பார்வை தன்மீது விழுவதை விரும்பாத ஒருவர், தம் உழைப்பே இல்லாததாகக் கருதப்படுவதற்கும் சம்மதித்துவிட்டார் என்று கொள்வது நியாயமாகாது. மண்டபத்தில் பின்வரிசையை விரும்பியவர் நீங்கள். தறிக்கூடத்துப் பேச்சில் உங்களை விட்டுவிட்டவர் இன்னொருவர். அந்தக் கூச்சத்தை யாருக்காகவும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

பேச வேண்டியது தறியைப் பற்றித்தான். தறியில் குறுக்கே ஓடி ஊடை நூலைக் கொண்டுசெல்லும் நாடாவில் தார் தீர்ந்தால் தறியை நிறுத்தி வேறு தார் மாற்றியாக வேண்டும். சுற்றிய தார் கையில் இல்லாவிட்டால் துணி நகராது, மீட்டர் கணக்கில் கிடைக்கும் கூலியும் வராது. அந்தக் கூலிக்குள் உங்கள் உழைப்புக்கான பணமும் அடங்கியிருக்கிறது. அதைத் தனியே யாரும் எண்ணிக் கொடுப்பதில்லை என்பதால் வீட்டாருக்கு அது தெரியாமலே போகிறது. உங்கள் கணவர் வேண்டுமென்றே மறைக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுப் பெண் செய்வதை வேலையாக எண்ணாத நெடுநாள் பழக்கம் அது. ஆனாலும், அச்சொல் உங்களை நோகச் செய்கிறது என்பதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள். ஆள் வைத்துத் தார் சுற்றினால் மாதம் என்ன சம்பளம் ஆகும் என்று அவரையே கணக்கிடச் சொல்லுங்கள்.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உழைப்பவரும் வேலை செய்பவராகவே பதியப்பட வேண்டும். 2027 கணக்கெடுப்புக்கு அலுவலர் வரும்போது, கணவர் அதே பழக்கத்தில் பதில் சொல்லிவிடாமல், தறி வேலையை நீங்களே சொல்லுங்கள். மேலும், 16 முதல் 59 வயதுக்குட்பட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாமல், வருமான வரியும் கட்டாதவராக இருந்தால், அமைப்புசாராத் தொழிலாளராக மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் கட்டணமின்றிப் பதியலாம். ஆதார் அட்டை, அதனுடன் இணைத்த கைப்பேசி, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றுடன், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் பொது சேவை மையத்துக்குப் போய் வாருங்கள்.