'கொலம்போ' தொடரில் ஒவ்வொரு கதைக்கும் புதிதாக ஒரு பெரிய நடிகர் வருவது ஏன்?
தொடரின் நிரந்தர நடிகராக இல்லாமல், ஒரு எபிசோடில் மட்டும் வந்து முக்கிய வேடம் ஏற்பவர்தான் விருந்தினர் நடிகர். 1971இல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடராக வரத் தொடங்கிய 'கொலம்போ' என்ற துப்பறியும் தொடரில் அந்த வேடம் பெரும்பாலும் கொலையாளியுடையது.

காரணம் கதையமைப்பிலேயே இருக்கிறது. கொலை செய்தவர் யார் என்று வழக்கமாகத் தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். அப்புறம் மிச்சமிருப்பது, கசங்கிய மழைக்கோட்டோடு வரும் போலீஸ் துப்பறிவாளர் கொலம்போ (நடிகர் பீட்டர் ஃபாக்) அந்தக் கொலையாளியை எப்படி மடக்குகிறார் என்பதுதான். எதிராளி சப்பென்று இருந்தால் ஒன்றரை மணி நேரம் யார் உட்கார்ந்து பார்ப்பது? பட்டிமன்றம் மாதிரிதான்: நடுவர் அவரேதான், பேச்சாளர்கள் மாற மாறத்தான் களை கட்டும்.

பாடகர் ஜானி கேஷ் 1974இல் பாடகர் வேடத்திலேயே வந்தார். மனைவியை விமானத்தில் விட்டுவிட்டு பாராசூட்டில் குதிக்கும் கொலையாளி. ஆனால் என் ஓட்டு பேட்ரிக் மெக்கூஹனுக்குத்தான். ராணுவப் பள்ளியின் விறைப்பான தலைவராக அவர் நடித்ததற்கு அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதும் கிடைத்தது.

மெக்கூஹன் நான்கு முறை வந்ததால், தப்பித்த குற்றவாளி திரும்பி வந்துவிட்டான் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, நான்கும் தொடர்பே இல்லாத வெவ்வேறு கொலையாளிகள்.