ஆங்கில ராக் இசைக்குழு ரேடியோஹெட்டின் 'க்ரீப்' பாட்டில் கோரஸுக்கு (திரும்பத் திரும்ப வரும் பகுதி) முன் வரும் அந்த "கர்ரக்" சத்தம் என்ன?

அது கிட்டார்தான். மெதுவாகப் போகும் பாட்டு குழுவின் கிட்டார் கலைஞர் ஜானி க்ரீன்வுட்டுக்குப் பிடிக்கவில்லை. அதனால் கோரஸ் தொடங்கும் முன் தந்திகளை ஓங்கி அடித்தார். பாட்டைக் கெடுக்கத்தான் அப்படிச் செய்தார் என்று குழுவின் இன்னொரு கிட்டார் கலைஞர் எட் ஓ'பிரையனே சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டால், பாட்டுக்கு உயிர் கொடுத்ததே அந்த அடிதான். பாட்டில் பேசுபவன் தன்னையே வெறுப்பவன்; அவன் அதுவரை அடக்கி வைத்த கோபம் அங்கேதான் வெடிக்கிறது.

பதிவானதும் திட்டமிட்டு இல்லை. தயாரிப்பாளர்கள் ஷான் ஸ்லேடும் பால் கோல்டரியும் வேறு பாட்டுகளுக்காக வந்தவர்கள். குழுவின் பாடகர் தாம் யார்க், ஸ்காட் வாக்கர் என்ற பாடகரின் பெயரைச் சொல்லி, இதை "எங்கள் ஸ்காட் வாக்கர் பாட்டு" என்று குறிப்பிட, வேறொருவர் பாட்டு என்றே நினைத்துவிட்டார்கள்.

1992 செப்டம்பரில் சிங்கிளாக (தனிப் பாட்டாக) வந்தபோது பிரிட்டனில் எடுபடவில்லை. பிபிசி ரேடியோ 1, ரொம்பச் சோகமாக இருக்கிறது என்று ஒதுக்கியது. அப்புறம் இஸ்ரேல் வானொலியில் ஹிட்டாகி, அமெரிக்காவிலும் பரவியது. வானொலிக்காகக் கெட்ட வார்த்தையை மாற்றி ஒரு வடிவமும் பாடித் தந்தார்கள். 1993-இல் மறுபடி வெளியிட்டபோது பிரிட்டன் பாட்டுப் பட்டியலில் 7-ஆம் இடம்.