பார்வையற்ற மாணவிக்குக் கணினி: எதற்குப் பணம் கொடுப்பது?

கேள்வி: என் மகளுக்கு இரு கண்களிலும் பார்வை இல்லை. பிளஸ் ஒன் வணிகவியல் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். பிரெயில் நன்றாகத் தெரியும். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளும் அதற்கென்றே ஒரு மடிக்கணினியும் சேர்த்து ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும் என்று கடையில் சொல்லி, பாதியை முன்பணமாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

- ஒரு தந்தை, திருநெல்வேலி

பதில்: முன்பணத்தை இப்போது கொடுக்க வேண்டாம். இந்த வேலைக்கென்று தனி மடிக்கணினி எதுவும் கிடையாது. விண்டோஸ் உள்ள சாதாரணக் கணினியே போதும். மென்பொருளைப் பொறுத்தவரை, பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கத் தொடங்கிய என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் படிக்கும். அதன் குரல் முதல் வாரம் தகரத்தைத் தட்டுவது போலத்தான் இருக்கும், காது பழகிவிடும். ஜாஸ் போன்ற கட்டண மென்பொருள்களுக்கும் தேவை உண்டு என்றாலும், பள்ளிப் படிப்புக்கு அதில் தொடங்க வேண்டியதில்லை.

கடைக்காரர் சொல்லாத சிக்கல் பாடக் கோப்புகளில் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த குறிப்பில் 'தமிழ்' என்று நம் கண்ணுக்குத் தெரிவது, கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் பதிந்திருக்கும்; எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் அதை அப்படியேதான் படிக்கும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றினால் சரியாகிவிடும். மாற்றித் தரும் இலவசக் கருவிகள் உள்ளன. ஸ்கேன் செய்த பக்கமோ வெறும் படம்தான். அதைக் கூகுள் டிரைவில் ஏற்றி ஆவணமாகத் திறந்தால், அச்சு தெளிவாக இருக்கும்வரை தமிழ் எழுத்துகள் ஓரளவு பிழையின்றிக் கிடைக்கும். ஆகவே எந்தக் கடைக்குப் போனாலும் மகளையும் அழைத்துச் சென்று, அவருடைய பாடக் குறிப்பையே பென் டிரைவில் கொடுத்து ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள்.

மிச்சமாகும் பணத்தை, கணினியில் உள்ள எழுத்தை விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பிரெயில் திரைக்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. காதால் மட்டுமே படிப்பவருக்கு ன, ண வேறுபாடும் ர, ற வேறுபாடும் நழுவிப்போகும். விரலில் படும்போது எழுத்து மனத்தில் நிற்கும். ஆர்பிட் ரீடர் 20 போன்ற கருவியில் பிரெயில் புள்ளிகள் எழும் 20 கட்டங்கள் உண்டு. அதில் ஒரு நேரத்தில் இரண்டு மூன்று தமிழ்ச் சொற்களுக்கே இடமிருப்பதால், கணக்குப்பதிவியல் பேரேட்டை அதில் படிப்பது சிரமம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாங்குமுன், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையுடன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குச் சென்று, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் ஒன்றிய அரசின் அடிப் திட்டத்திலோ மாநில அரசுத் திட்டங்களிலோ இக்கருவி கிடைக்குமா என்று கேளுங்கள். 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு இருந்தால் அடிப் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம்.

பின்னாளில் கட்டண மென்பொருள் வாங்க நேர்ந்தால், உரிமம் ஓராண்டுக்கா நிரந்தரமா, யார் பெயரில் இருக்கிறது, பயிற்சி எத்தனை மணி நேரம் ஆகியவற்றை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தந்ததைக் கடை செய்யாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால், கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய் வரை இருக்கும் வழக்குக்குக் கட்டணம் இல்லை.